ஆகஸ்டில் வந்து இறங்கிய ஐந்து டப்பாக்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது. 20 வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது. போன வருடக் கடைசியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்ட்டன், ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரையும் உண்டு. கடைசி கிட்னி டெஸ்ட்டில் கிரியேட்டினின் 1.7. என் நாத்தனார் பாரிஸில் இருக்கிறார். ஆகஸ்டில் வந்தபோது அப்பாவுக்கென்று ஐந்து டப்பா சத்து மாத்திரை கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் பிரெஞ்சில்தான் எழுதியிருக்கிறது. தெருவில் ஒருவர் நோனி ஜூஸும் புரோட்டீன் பவுடரும் கொண்டுவந்து கொடுக்கிறார். இப்போது இரண்டு மாதமாகத் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கிறது என்கிறார் மாமனார். இத்தனையும் சாப்பிடலாமா? நிறுத்தச் சொன்னால், ‘மகள் ஆசையாக வாங்கி வந்ததை மருமகள் பிடுங்கிவிட்டாள்’ என்று பேச்சு வரும். டப்பாக்களின் படம் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கடிதத்தை ஒரு முறை படித்தேன், படங்களை நாலு முறை பார்த்தேன். பாண்டியில் முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவனுக்குப் பிரெஞ்சு பேச வருகிறதோ இல்லையோ, பிரெஞ்சு டப்பாவைப் படிக்க வந்துவிடும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடு, பாரிஸில் பிள்ளை இருக்கும் வீடு என்று இங்கே எத்தனையோ. ஆகஸ்ட் லீவுக்கு அவர்கள் வரும்போது சாக்லேட்டோடும் சென்ட் பாட்டிலோடும் இந்த டப்பாக்களும் வந்து இறங்கும். செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொன்றாக என் மேஜைக்கு வரும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படத்தில் சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கிறது. அதில் ‘லெவ்யூர் த ரி ரூஜ்’ என்று போட்டிருக்கிறது. சிவப்பு ஈஸ்ட் அரிசி. நம்முடைய மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் மாதிரி ஒரு சிவப்பரிசி என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அது புளித்துச் சிவந்த பிறகு காயவைத்துப் பொடிப்பார்கள். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் பொருள்களில் ஒன்றின் பெயர் மோனகோலின் கே. அதுவும் லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் வேதியியல் கணக்கில் ஒன்றேதான். லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. உங்கள் மாமனார் சாப்பிடும் அட்டார்வாஸ்டாட்டினுக்கு அண்ணன் முறை. ஆக, டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டின் ஒன்று, மகள் வாங்கி வந்த ஸ்டாட்டின் ஒன்று, இரண்டும் சேர்ந்து உள்ளே போகின்றன. இது அதிகமானால் பெரும்பாலும் தசைதான் முதலில் முனகும். தொடை, கெண்டைக்கால், தோள்பட்டை.

இன்று ராத்திரியிலிருந்து அந்த டப்பா வேண்டாம். அட்டார்வாஸ்டாட்டினைத் தொடரலாமா, சில நாள் நிறுத்தி வைக்கலாமா என்பதை இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். அதை நீங்களாக முடிவு செய்யக்கூடாது.

அவருடைய கால்வலிக்கு இதுதான் காரணம் என்று படத்தைப் பார்த்து நான் சத்தியம் செய்ய முடியாது. 20 வருடச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். காலுக்குப் போகும் ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதா, நின்றால் விட்டுவிடுகிறதா? அப்படியென்றால் கதை வேறு. உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்கிறது, எழுந்திருக்கவே தொடை ஒத்துழைக்கவில்லை என்றால் தசைப் பக்கம் பார்க்க வேண்டும். சி.பி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதில் ஓரளவு தெரிந்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, கை கால் தளர்ந்து போனாலோ டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் கேட்டாக வேண்டும். இரண்டு மாதமாகக் கால் வலிக்கிற மனிதர் சும்மா இருந்திருப்பாரா? மெடிக்கல் ஷாப்பில் ‘கால் வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுப்பா’ என்று கேட்டு டைக்ளோஃபினாக் மாதிரி ஏதாவது வாங்கியிருப்பார். சட்டைப் பையைப் பாருங்கள். இந்தக் கிட்னிக்கும் இந்த இதயத்துக்கும், டெல்மிசார்ட்டன், ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடும் உடம்புக்கும் அந்த வலி மாத்திரைதான் ஐந்து டப்பாக்களையும் தூக்கிச் சாப்பிடும் ஆபத்து.

இன்னொன்று. இந்தப் பதிலைப் படித்துப் பயந்துபோய் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அந்த இரண்டும்தான் அதை அடைக்காமல் வைத்திருக்கின்றன. நிறுத்த வேண்டியவை டப்பாவில் வந்தவை. சீட்டில் எழுதியவை அல்ல.

சரி, கிட்னிக்கு வருவோம். கிரியேட்டினின் 1.7 என்றால் ‘கொஞ்சம்தானே கூட’ என்று தோன்றும். 74 வயது ஆணுக்கு அதை வைத்துக் கணக்குப் போட்டால் கிட்னியின் வடிகட்டும் திறன் சுமார் 42 வருகிறது. ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு இது 90-க்கு மேல் இருக்கும். 45-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மின் அளவையே டாக்டர் மறுபடி யோசிப்பார். 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினே கூடாது. உள்ளே போகும் ஒவ்வொரு மாத்திரை, பொடி, ஜூஸின் கழிவையும் இந்த 42-தான் வெளியே தள்ள வேண்டும்.

இந்தக் கணக்கில் நோனி ஜூஸை வைத்துப் பாருங்கள். நோனி என்பது நம் ஊர் நுணாவுக்குச் சொந்தக்காரச் செடி, அதில் மர்மம் எதுவும் இல்லை. அதன் சாற்றில் பொட்டாசியம் இருக்கிறது, ஆரஞ்சுச் சாறு, தக்காளிச் சாறு அளவுக்கு. நல்ல கிட்னிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கிட்னி தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் தேங்கும், பி.பி.க்குச் சாப்பிடும் டெல்மிசார்ட்டன் அதை மேலும் தேக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பின் தாளம் தப்பும், பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல். உணவில் பொட்டாசியத்தைக் கவனமாகக் குறைத்துவந்த ஒரு கிட்னி நோயாளிக்கு நோனி ஜூஸால் அது ஏறிய சம்பவம் 2000-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மாமனாருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்குகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.பி.க்கு நல்லது என்று வாங்கும் அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் சேர்த்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம்தான்.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வயதானவர்களுக்குப் புரதம் வேண்டும், நம் வீடுகளில் சோறும் ரசமுமாக ஓட்டிவிடுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரையும் கிட்னிக் குறைவும் சேர்ந்து இருந்து, டயாலிசிஸுக்குப் போகாதவருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, எடை ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். மாமனார் 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 48 கிராம். காலையில் ஒரு முட்டை, மதியம் பருப்பும் ஒரு துண்டு மீனும், ராத்திரி இட்லிக்கு நல்ல சாம்பார் என்று சாப்பிட்டாலே அதன் கிட்டே வந்துவிடலாம். அதற்கு மேல் காலை மாலை இரண்டு ஸ்பூன் பவுடர் யாருக்காக? அவர் மெலிந்துகொண்டே போகிறார் என்றால் அப்போது டயட்டீஷியனைக் கேட்டு முடிவு செய்யலாம். தெருக்காரரைக் கேட்டு அல்ல.

வைட்டமின் டி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் நேரில் சூடுபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவர் மகன் அழைத்து வந்தார். ‘அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, பேசினால் பதில் இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறார்’ என்றார். கேட்கக் கேட்க வேறு சங்கதிகளும் வந்தன. பத்து நாளாக மலச்சிக்கல், செம்புச் செம்பாகத் தண்ணீர், ராத்திரியில் ஐந்தாறு தடவை சிறுநீர். சர்க்கரை ஏறியிருக்கும் என்று பார்த்தால் அது ஒழுங்காக இருந்தது. கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது. 10.5-க்குள் இருக்க வேண்டியது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துவரச் சொன்னேன். 60,000 யூனிட் வைட்டமின் டி அட்டைகள், காலியாகப் பத்துக்கு மேல். சீட்டில் ‘வாரம் ஒன்று’ என்றுதான் இருந்தது. ஆனால் எழுதியவரின் கையெழுத்து, படித்தவரின் கண் இரண்டும் சேர்ந்து அதைத் ‘தினம் ஒன்று’ ஆக்கிவிட்டன. கூடவே மூத்த மகள் வாங்கிக் கொடுத்த கால்சியம். டிரிப் ஏற்றி, மருந்து கொடுத்து, அவர் பழைய மனிதராக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வைட்டமின் டி கொழுப்பில் தங்கும், சிறுநீரில் சட்டென்று போய்விடாது. இன்றைக்கு அந்த ஆசிரியர் நலமாக இருக்கிறார், குறுக்கெழுத்தெல்லாம் போடுகிறார். அந்த வீடு மட்டும் ஒரு மாதம் அவரை மறதி நோய்க்காரராகவே நடத்தியது.

உங்கள் வீட்டுக் கதை அவ்வளவு மோசமில்லை. பிரெஞ்சு டப்பாவில் இருப்பது தினம் 1,000 யூனிட், அது தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் வாராந்திர மாத்திரை ஏற்கெனவே போகிறது. புரோட்டீன் பவுடரின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். மூன்று வாசல் வழியாக ஒரே ஆள் வருகிறார். 60,000 யூனிட் மாத்திரையைப் பொதுவாக எட்டு வாரம் கொடுத்துவிட்டு, பிறகு மாதம் ஒன்று என்று குறைப்பார்கள். எழுதிக் கொடுத்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும், எப்போது நிறுத்துவது என்பது யாருக்கும் நினைவிருக்காது. எத்தனையாவது வாரம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை, மஞ்சளும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரை இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடலாம். ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுபவர் அவர். இந்த இரண்டும் அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளும். கையில் காரணமில்லாமல் நீலம் பாரிக்கிறதா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். கடைசி ஒன்று இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ‘மஞ்சள் நாம் தினம் சாப்பிடுவதுதானே டாக்டர்’ என்பீர்கள். குழம்பில் போடும் கால் ஸ்பூன் மஞ்சள் வேறு, அதன் சாரத்தைப் பிழிந்தெடுத்து, உடம்பு அதை வெளியே தள்ளாமல் இருக்க மிளகுச் சத்தையும் சேர்த்து அடைத்த மாத்திரை வேறு. இப்படிப்பட்ட மாத்திரையால் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்தவர்கள் இருக்கிறார்கள். மஞ்சளால் மஞ்சள் காமாலை, பெயரில்தான் என்ன பொருத்தம். மீனில் நல்ல கொழுப்பு வேண்டுமென்றால் வாரம் இரண்டு நாள் குபேர் அங்காடியில் மத்தி வாங்குங்கள். வறுக்காமல் குழம்பு வையுங்கள்.

ஐந்தாவது டப்பா குளுக்கோசமின். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. மூட்டுக்கு என்று விற்பார்கள், மூட்டுக்கே அதன் பலன் சந்தேகம்தான். தசை வலிக்கு அதில் ஒன்றுமே கிடையாது. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் 2019-ல் சர்க்கரை நோயாளிகளை இது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. விற்கிற நாடே சொல்கிறது.

எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். மாமனாருக்கு ஒரு சத்து உண்மையிலேயே குறைந்திருக்க வாய்ப்பு இருக்கிறது, அது மட்டும் ஐந்து டப்பாவிலும் இல்லை. பி12. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12-ஐக் குடல் உறிஞ்சுவது குறையும். பாதம் எரிகிறது, பஞ்சில் நடப்பது போல் இருக்கிறது, ராத்திரியில் மரத்துப்போகிறது என்றெல்லாம் சொன்னால் ‘சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள். சத்து மாத்திரை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். என்ன குறை, எவ்வளவு, எத்தனை நாள், மறுபடி எப்போது டெஸ்ட். இந்த நாலுக்கும் பதில் இல்லாத மாத்திரையை எந்த நாட்டில் வாங்கினாலும் அது மிட்டாய்தான், சில நேரம் மிட்டாயைவிட மோசம்.

தெருவில் ஜூஸ் கொடுக்கும் நண்பருக்கு வருவோம். நம் நாட்டில் இவையெல்லாம் மருந்துச் சட்டத்தில் வருவதில்லை, உணவுச் சட்டத்தில் வருகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-ல் கொண்டுவந்த விதிகளின்படி லேபிளிலேயே ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்ற பொருளில் அச்சிட வேண்டும், 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். அவருடைய பாட்டிலிலும் டப்பாவிலும் அந்த வரியைத் தேடி மாமனாருக்குப் படித்துக் காட்டுங்கள். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மத்தியச் சட்டம் ஒன்று தடுக்கிறது. வாய்ச்சொல்லில் விற்கிறவர்களை அது எட்டுவதில்லை என்பது வேறு விஷயம். ‘இதைக் குடித்தால் மாத்திரையைக் குறைத்துவிடலாம்’ என்று அவர் ஒரு தடவையாவது சொல்லியிருந்தால், அடுத்த முறை வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு மஞ்சப்பையை எடுத்து வீட்டில் மாமனாரின் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் அதில் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து டப்பா, ஜூஸ், பவுடர், லேகியம், நாட்டு மருந்துக் கடைச் சூரணம், இருமல் மருந்து, வலி மாத்திரை. அதிமதுரம் தினம் வாயில் போடுகிறார் என்றால் அதுவும், பி.பி.யை ஏற்றும் பழக்கம் அதற்கு உண்டு. பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட பையைக் கவிழ்ப்பது மேல், பட்டியலில் எப்போதும் இரண்டு விட்டுப்போகும். சத்து மாத்திரையால் உடம்புக்கு ஏதாவது ஆனது என்று டாக்டர் நினைத்தால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் மையம் நம் ஜிப்மரிலேயே இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே கூடச் சொல்லலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கேள்வியாகப்பட்டது நாத்தனார் விஷயம். இதில் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். டாக்டர் அறையிலிருந்து அவருக்கு வீடியோ கால் போடுங்கள். கெட்ட பெயர் வாங்கத்தான் எங்களுக்கு ஃபீஸ். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும், அதைக் குறை சொல்லாதீர்கள், வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். கையில் கட்டும் நல்ல பி.பி. மெஷின், சர்க்கரைக்காரர்களுக்கான செருப்பு, நிமோனியா தடுப்பூசிச் செலவு, வருடம் ஒரு முறை கண் விழித்திரைப் பரிசோதனை. இதில் எதைக் கேட்டாலும் சந்தோஷமாகச் செய்வார்.

அதற்கு முன்னால் அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். எனக்கு அனுப்பிய படத்தில் சிவப்பு மூடி டப்பாவின் பின்பக்கம் பாதிதான் விழுந்திருக்கிறது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் போட்ட விதிப்படி, ஒரு நாள் அளவில் மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும், யார் யார் சாப்பிடக் கூடாது என்பதும் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பொடி எழுத்தில் ஒரு வரி ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. அதில் 70 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. முழுப் படமும் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பி, ‘அண்ணி, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, இதில் என்ன போட்டிருக்கிறது என்று அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். போனை மாமனார் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.